பிக் மெச் டிக்கட்: மலையக மாணவர்கள் மைதானத்துக்குள் போகும் வழிகள்

இலங்கை அணி ஆடும் டெஸ்ட் போட்டிக்கு அன்று காலையில் போய் நின்றாலும் பெரும்பாலும் டிக்கட் கிடைத்துவிடும். இரண்டு பாடசாலைகள் மோதும் பிக் மெச்சுக்கு அப்படிப் போய் நின்றால் நல்ல இடம் எதுவும் மிஞ்சியிருக்காது. பிக் மெச் டிக்கட் கடைச் சரக்கைப் போல விற்கப்படுவது குறைவு, பங்கு பிரித்துக் கொடுக்கப்படுவதுதான் அதிகம். ஆடும் பாடசாலைகள் இரண்டுக்கும் தலா ஒரு பங்கு, பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு பங்கு, அனுசரணை தரும் நிறுவனங்களுக்கு ஒரு பங்கு. மீதிதான் வெளியாருக்கு. ஆகவே டிக்கட் தேடும் மாணவன் முதலில் தேடுவது பங்கு கிடைத்த ஒருவரை. கண்டியிலும் கொழும்பிலும் இருக்கிற பிள்ளைக்கு அந்த ஆள் பக்கத்து வீட்டிலேயே இருக்கக்கூடும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு அவர் எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்.

இந்தப் போட்டிகள் பல்கலைக்கழகங்களுடையவை அல்ல. கல்லூரி என்ற பெயருள்ள பாடசாலைகளின் போட்டிகள். ஆடுபவர்கள் உயர்தரம் படிக்கும் பையன்கள். இவற்றில் மூத்தது கொழும்பில் றோயல் கல்லூரிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் நடக்கும் கிரிக்கெட். 1879இல் முதல் ஆட்டம் நடந்தபோது ஆசிரியர்களும் அணியில் இருந்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து மாணவர்கள் மட்டும். இரண்டு உலகப் போர்களின்போதும் நிற்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா நாட்டுக்குள் வந்து, 13ஆம் திகதியிலிருந்து பாடசாலைகள் மூடப்பட்டபோதும் 12 முதல் 14 வரை ஆட்டம் நடந்தது, ஆயிரக்கணக்கில் கூட்டமும் வந்தது. வகுப்பறைக்குப் பூட்டு, மைதானத்துக்குத் திறப்பு என்ற அந்த மூன்று நாள் பிக் மெச்சின் செல்வாக்கைக் காட்டப் போதும். அது நல்ல முடிவா என்றால், இல்லை. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் ஆட்டத்துக்கு வடக்கின் பெரும் போர் என்று பெயர்.

மலைநாட்டில் எல்லாம் கண்டியைச் சுற்றித்தான். கிங்ஸ்வூட்டுக்கும் தர்மராஜாவுக்கும் 1893 முதல் கிரிக்கெட். திரித்துவக் கல்லூரிக்கும் புனித அந்தோனியார் கல்லூரிக்கும் இன்னொரு கிரிக்கெட். ரக்பியில் கண்டிதான் நாட்டின் பாடசாலைகளுக்கு முன்னோடி. கிங்ஸ்வூட்டை 1891இல் தொடங்கிய எல்.ஈ. பிளேஸ் அந்த ஆட்டத்தைப் பையன்களுக்குப் பழக்கினார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவமும் ஆடியதே இலங்கைப் பாடசாலைகளுக்கிடையிலான முதல் ரக்பி ஆட்டம். இன்று டிக்கட்டுக்கு அதிகம் அடிபடும் ரக்பி ஆட்டம் பிராட்பி கேடயம். றோயல் அதிபராக இருந்த ஈ.எல். பிராட்பியின் பெயரில் 1945 முதல் திரித்துவத்துக்கும் றோயலுக்கும் நடப்பது. ஓர் ஆட்டம் கண்டிப் பக்கம், ஓர் ஆட்டம் கொழும்பில். இரண்டின் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்து வெற்றி சொல்வார்கள். முதல் ஆட்டத்தில் இடைவெளி சின்னதாக இருந்தால் இரண்டாவதற்கு டிக்கட் கேட்டு அலைவோர் தொகை சட்டென்று ஏறிவிடும். முதல் ஆட்டத்திலேயே ஒரு பக்கம் வாரி அடித்துவிட்டால், தோற்ற பக்கத்தில் டிக்கட் வைத்திருப்பவர்கள் தாங்களாகவே அழைத்துக் கொடுப்பார்கள். இரண்டு ஆட்டங்களுக்கும் இடைப்பட்ட நாட்களைக் கவனிக்கத் தெரிந்த வெளியூர் மாணவனுக்கு வழி திறக்கிறது.

பாடசாலைக்குள் டிக்கட் நகரும் முறை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். போட்டிக்குச் சில வாரம் முன்பு கட்டுகள் அலுவலகத்துக்கு வரும். வகுப்பாசிரியர் பெயர் எடுப்பார், அல்லது மாணவர் தலைவர்கள் வகுப்பு வகுப்பாகப் போய் எழுதுவார்கள். மாணவர் டிக்கட்டுக்குச் சலுகை விலை. அதை வைத்திருப்பவன் மாணவர் கூடாரத்தில்தான் உட்காரலாம். சீருடையோ பாடசாலைத் தொப்பியோ அடையாளம், சில இடங்களில் மாணவர் அட்டையும் கேட்பார்கள். கீழ் வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியர் பொறுப்பில் கூட்டமாகக் கொண்டுபோய்க் கூட்டமாகத் திருப்பிக் கொண்டுவருவதுண்டு. உயர்தரக்காரருக்கு அந்தக் கட்டுப்பாடு குறைவு, மதிப்பு அதிகம். பதின்மூன்றாம் தரத்தில் இருப்பவனுக்கு அது மாணவனாக அவன் பார்க்கும் கடைசிப் பிக் மெச். அவன் கேட்டால் இல்லை என்று சொல்ல ஆசிரியருக்கும் மனம் வராது.

பழைய மாணவர்களின் கதை வேறு. அவர்கள் படித்து வெளியேறிய ஆண்டு வாரியாகக் குழுவாகச் சேர்ந்து கூடாரம் போடுகிறார்கள். றோயல் – தோமியன் ஆட்டத்தில் மஸ்டாங்ஸ், ஸ்டாலியன்ஸ், கோல்ட்ஸ், தோரா என்று பெயர் பெற்ற கூடாரங்கள் உண்டு. அங்கே சாப்பாடு, குடி, பப்பரே வாத்தியம் எல்லாம் உள்ளேயே நடக்கும். சிலர் மூன்று நாளும் இருந்துவிட்டு ஸ்கோர் என்னவென்று பக்கத்து ஆளைக் கேட்பார்கள். இந்தக் கூடாரங்களுக்கு உறுப்பினரோ, உறுப்பினர் அழைத்துவந்தவரோதான் போகலாம். மாணவனுக்கு அங்கே வேலை இல்லை என்று நினைத்தால் தவறு. அப்பாவோ மாமாவோ பழைய மாணவராக இருந்தால் அவர் பெயரில் வரும் இரண்டாவது டிக்கட் மிகச் சுலபமான வழி. மாணவர் கூடாரத்தின் வெயிலையும் தள்ளுமுள்ளையும் விட்டு அங்கே போய் இருக்கும் பையனைக் கூட்டாளிகள் கேலி செய்வார்கள் என்பது மட்டுமே அதிலுள்ள குறை.

டிக்கட்டுக்கும் அதைச் சுற்றிய கொண்டாட்டத்துக்கும் காசு வேண்டும். அதற்குப் பையன்கள் கண்டுபிடித்த வழி தொப்பி ஏந்துவது. பிக் மெச் நெருங்கும்போது வைக்கோல் தொப்பியும் பாடசாலைக் கொடியுமாகச் சந்திகளில் நின்று, சிவப்பு விளக்கில் நிற்கும் வாகனங்களிடமும் கடைகளிடமும் சில்லறை கேட்பார்கள். பழைய மாணவர் ஒருவர் காருக்குள் இருந்துவிட்டால் நோட்டாகவே விழும். இதை அதிபர்களும் பொலிசும் ஆண்டுதோறும் எச்சரிப்பதும், பையன்கள் ஆண்டுதோறும் சந்தியில் நிற்பதும் வழக்கமாகிவிட்டது. லொறிகளில் ஏறி, வாத்தியம் முழங்க நகரைச் சுற்றி, பெண்கள் பாடசாலை வாசலில் கூச்சல் போடும் ஊர்வலமும் இதனோடு சேர்ந்தது. பெண்கள் பாடசாலைகள் அந்த நாளில் கேற்றைப் பூட்டி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கேற்றை உடைத்துக்கொண்டு உள்ளே ஓடுவதை வீரம் என்று நினைக்கும் கூட்டம் எல்லாப் பாடசாலையிலும் உண்டு.

இவற்றில் ஒன்றுகூட ஹட்டன் பிள்ளைக்குப் பொருந்தாது. ஆடும் பாடசாலையில் அவன் பெயர் இல்லை. அப்பாவும் மாமாவும் பழைய மாணவர் சங்கத்தில் இல்லை. அவன் படிப்பது ஹைலண்ட்ஸ் கல்லூரியாகவோ சென் ஜோன் பொஸ்கோவாகவோ தோட்டப்புறத்துத் தமிழ் வித்தியாலயமாகவோ இருக்கும். ஆனாலும் ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் கண்டி ஆட்டங்களுக்குப் பிள்ளைகள் போகத்தான் செய்கிறார்கள். கண்டியில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஊர்ப் பையன் ஒருவன் இருந்தால் அவன்தான் முதல் வாசல். மலையகத்து வியாபாரிகள், கணக்கப்பிள்ளைமார், ஆசிரியர்கள் சிலர் பிள்ளைகளைக் கண்டிக் கல்லூரிகளுக்கு அனுப்புவது பழைய வழக்கம். அப்படிப் படிக்கும் ஒருவன் லீவுக்கு வீட்டுக்கு வரும்போதே, “அண்ணே, இந்தத் தடவ எனக்கும் ஒரு டிக்கட் எடுத்து வைங்க, காசு இப்பவே தந்துர்றேன்” என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அவனுக்குக் கிடைப்பது மாணவர் டிக்கட் என்றால் அதை இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாது. ஆகவே அவன் தன் வகுப்பிலேயே யாருடைய வீட்டில் பொது டிக்கட் மிஞ்சுகிறது என்று விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது வாசல் கண்டிக் கடை. கண்டி நகரத்துக் கடைகளில் மலையகத்து இளைஞர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். முதலாளியோ முதலாளியின் மகனோ இந்தக் கல்லூரிகளில் ஒன்றின் பழைய மாணவராக இருப்பது புதுமையில்லை. கடைக்கு வரும் அனுசரணை டிக்கட்டில் ஒன்று, வேலைக்கு நிற்கும் அண்ணன் வழியாகத் தோட்டத்துக்கு வந்து சேரும். நிறுவனங்களுக்குப் போகும் பங்கில் ஒரு பகுதி இப்படித்தான் கைமாறுகிறது. விளையாட்டில் ஆசையே இல்லாத மேலாளரின் மேசையில் கிடந்த அட்டை, ஆட்டத்தை உயிராய் நினைக்கும் ஒரு பையனிடம் போய்ச் சேர்வது டிக்கட் பங்கீட்டில் நடக்கும் நல்ல காரியங்களில் ஒன்று.

மூன்றாவது வழி நேரே வாசலுக்குப் போவது. மூன்று நாள் கிரிக்கெட்டுக்கு இது சரிவரும். முதல் நாளும் கடைசி நாள் பிற்பகலும் நெரியும். இரண்டாம் நாள் காலை கொஞ்சம் தளர்வு. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நடக்கும் ரக்பிக்கு இந்தக் கணக்கு உதவாது. வாசலில் கள்ள விலைக்கு நீட்டப்படும் டிக்கட்டை வாங்குவது புத்தியில்லை. போலி அச்சு உண்டு. பார்கோட் வந்த பிறகு ஒரே டிக்கட்டைப் படம் பிடித்து நாலு பேருக்கு விற்பதும் உண்டு. முதலில் உள்ளே போனவன் பார்ப்பான், மற்ற மூன்று பேர் வாசலில் நிற்பார்கள். மதில் ஏறிக் குதிப்பது பற்றிப் பழைய மாணவர்கள் ஐம்பது வயதிலும் பெருமை பேசுவார்கள். அவர்கள் பிடிபட்டிருந்தால் அதிபர் கூப்பிட்டுக் கண்டித்து விட்டிருப்பார். தோட்டத்துத் தமிழ்ப் பையன் பிடிபட்டால் அடையாள அட்டை, பொலிஸ், வீட்டுக்கு அழைப்பு என்று அது வேறு மாதிரிப் போகும். ஒரே மதில்தான், குதிப்பவனைப் பொறுத்து அதன் உயரம் மாறுகிறது.

டிக்கட் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான செலவு தொடங்குகிறது. ஹட்டனிலிருந்து கண்டிக்கு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாக அதற்கும் கூடுதலாகும். மழை நாளில் வளைவுகளில் லொறி ஒன்று நின்றுவிட்டால் அது எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரயிலில் வந்தால் அழகு, ஆனால் கண்டிக்குள் போகாத வண்டி என்றால் பேராதனைச் சந்தியில் இறங்கி மாற வேண்டும். ஆட்டம் பல்லேகலையில் என்றால் கண்டியிலிருந்து திகணைப் பக்கம் போகும் இன்னொரு பஸ். இத்தனைக்கும் தோட்டத்து டிவிஷனிலிருந்து டவுனுக்கு வரவே விடியற்காலையில் நடக்கவோ திரிவீல் பிடிக்கவோ வேண்டியிருக்கும்.

திரும்பும் பயணம் அதைவிடச் சிக்கல். மாலை ஆறு மணிக்கு ஆட்டம் முடிந்து, கூட்டத்தில் நசுங்கி வெளியே வந்து, கண்டி வந்து சேரும்போது மேலே போகும் பஸ் குறைந்துவிடும். டவுன் வரை வந்தாலும் லயத்துக்குப் போகும் கடைசி பஸ் போயிருக்கும். அதனால் தனியாகப் போகிறவர்கள் குறைவு. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வேன் பிடிக்கிறார்கள், அல்லது கண்டியில் சொந்தக்காரர் வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் வருகிறார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். 2021இல் அதற்கு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம், 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும். வேன் பங்கு, சாப்பாடு, டிக்கட் மூன்றையும் கூட்டினால் அம்மாவின் ஒரு பேரில் அடங்காது. வீட்டில் கேட்பதற்கு முன் பிள்ளைகள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். டிக்கட் விலையைக் குறைத்தால் கிராமத்துப் பிள்ளைகள் வருவார்கள் என்று பேசுபவர்கள் பஸ் நேரத்தையும் கொஞ்சம் பார்ப்பது நல்லது.

இந்தத் தூரத்தை மலையகத் தமிழர் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் மைதானத்தின் நடுவிலிருந்தே கடந்தார். முத்தையா முரளிதரனின் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். தகப்பன் கண்டியை அடுத்த குண்டசாலைப் பக்கம் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். ஒன்பது வயதில் புனித அந்தோனியார் கல்லூரி விடுதியில் சேர்ந்த முரளி, முதலில் மிதவேகம் வீசி, பதினான்கு வயதளவில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொன்னபடி சுழலுக்கு மாறினார். 2007 டிசம்பர் 3ஆம் திகதி ஷேன் வோர்னின் 708 விக்கெட் சாதனையைத் தாண்டிய பந்து விழுந்த இடம் அஸ்கிரிய. அது திரித்துவக் கல்லூரியின் சொந்த மைதானம். ஏ.ஜி. பிரேசர் அதிபராக இருந்த காலத்தில் மலையைச் சமப்படுத்தி உண்டாக்கியது, 1983இல் அங்கே முதல் டெஸ்ட் நடந்தது. அந்தோனியார் பையன் ஒருவன் திரித்துவத்தின் தரையில் உலகச் சாதனை படைத்ததைக் கண்டிக்காரர்கள் இரண்டு பக்கமும் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சர்வதேசப் போட்டிகள் இப்போது பல்லேகலைக்குப் போய்விட்டன. மாணவனுக்கு அங்கே உள்ளே போவது பிக் மெச்சைவிட எளிது. யாருடைய சிபாரிசும் வேண்டாம். டிக்கட் இணையத்திலும் கவுண்டரிலும் பொதுவாக விற்கப்படுகிறது. ஆகக் குறைந்த விலை புல்மேட்டுக்கு. கூரையில்லை, மழை வந்தால் நனைய வேண்டியதுதான், ஆனால் மலையகத்துப் பிள்ளைக்கு மழை ஒரு சாட்டே இல்லை. கூட்டம் குறைவாக எதிர்பார்க்கப்படும் டெஸ்ட் போட்டிகளில் பாடசாலைப் பிள்ளைகளை இலவசமாக விட்டதும் உண்டு. இந்திய அணி வரும் ஒருநாள், ரி20 ஆட்டங்கள் மட்டும் விதிவிலக்கு. அதற்கு விற்பனை திறந்த நாளிலேயே வாங்க வேண்டும். ரி20 இரவில் முடிவதால் வேன் இல்லாமல் அந்த ஆட்டத்துக்குப் போகக் கூடாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதே பிரச்சினைக்கு வேறு விடை கண்டிருக்கிறார்கள். டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அரங்கில் 9,314 பேர்தான் கொள்ளும். இளங்கலை மாணவருக்கு அனுமதி இலவசம், ஆனால் முதலில் வருபவருக்கே இடம். அதனால் 1986 முதல் மாணவர்கள் பெரிய ஆட்டங்களுக்கு வாரக்கணக்கில் அரங்குக்கு வெளியே கூடாரமடித்துக் குளிரில் காத்திருக்கிறார்கள். ஒரு கூடாரத்துக்குப் பன்னிரண்டு பேர்வரை சேர்ந்து முறை வைத்துத் தூங்குவார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கொள்ளும் அரங்கு இருந்தும், வாரத்தில் முதல் நாள் இறுதியாண்டு மாணவர், அடுத்த நாள் அதற்குக் கீழ் ஆண்டு என்று வரிசைப்படி டிக்கட் எடுக்கிறார்கள். அங்கே நேரம் விலை, அல்லது மூப்பு விலை. கூடாரம் இங்கும் உண்டு. ஆனால் கொழும்பில் கூடாரம் உள்ளே போனவரின் சுகத்துக்கு, டியூக்கில் உள்ளே போகத் துடிப்பவரின் காத்திருப்புக்கு.

தோட்டத்துக்குள் நடக்கும் ஆட்டங்களில் இந்த டிக்கட் பிரச்சினையே கிடையாது. ஒரு காலத்தில் ரதல்லையிலும் டரவெலையிலும் துரைமாரின் கிளப் மைதானங்கள் வேலிக்குள் இருந்தன. புல் வெட்டவும் பந்து பொறுக்கவும் போனவர்கள்தான் உள்ளே நின்று ஆட்டம் பார்த்தார்கள். இன்று ஹட்டன் டன்பார் மைதானத்திலும் நோர்வூட்டிலும், தோட்டத்துக் குட்டி மைதானங்களிலும் நடக்கும் மென்பந்து கிரிக்கெட், உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளில் காசு கட்டுவது ஆடும் அணி. பார்ப்பவருக்கு வாசலே இல்லை. சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை நுழைவுக் கட்டணத்துக்கு டிவிஷன் இளைஞர்கள் வீடு வீடாகச் சேர்ப்பார்கள். அந்தக் காசு முதல் பரிசுக்கும் கிண்ணத்துக்கும் போகும். பார்வையாளர் பக்கத்து மலைச் சரிவில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, சிக்ஸர் போன பந்தைத் தேடிக் கொடுப்பதோடு சரி. பந்து அகப்படவில்லையென்றால் ஆட்டம் நிற்கும், கூட்டமே இறங்கித் தேடும்.

பல்கலைக்கழகம் போனபிறகு டிக்கட் என்ற பேச்சு அடியோடு நின்றுவிடுகிறது. பேராதனையில் பீடங்களுக்கிடையே நடக்கும் ஆட்டங்களுக்கும், பல்கலைக்கழகங்கள் கூடும் விளையாட்டு விழாவுக்கும் மாணவர் அட்டை போதும், பெரும்பாலும் அதையும் யாரும் பார்ப்பதில்லை. கூட்டமும் அதற்கேற்பத்தான். பாடசாலை ஆட்டத்துக்கு மதில் ஏறியவர்களே இங்கே திறந்த வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பங்கீட்டில் கடைசி இடம். ஆடும் பாடசாலைகள் ஆண் பாடசாலைகள் என்பதால் மாணவர் டிக்கட் அவர்களுக்கு இல்லை. குடும்பத்தோடோ அண்ணன் தம்பியோடோ இருக்கைப் பகுதிக்குத்தான் போகலாம். இரவில் திரும்பும் பயணத்தை நினைத்து மலையகத்து வீடுகள் பெரும்பாலும் அதற்கும் சம்மதிப்பதில்லை. அவர்களும், டிக்கட் கிடைக்காத பையன்களும் இப்போது பார்ப்பது கைபேசியில். பாடசாலை ரக்பியையும் கிரிக்கெட்டையும் த பப்பரே இணையத்தளம் நேரலையாகத் தருகிறது. லயத்துக்குள் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால், மேட்டுக்கு ஏறி ஒரே கைபேசியைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள். டேட்டா போட்டவன் கையில்தான் கைபேசி இருக்கும். அடுத்த ஆட்டத்துக்கு டேட்டா போட வேண்டிய முறை யாருடையது என்பதில்தான் தகராறு வரும்.